குழந்தைங்ககிட்ட ரிசர்ச்சுக்குப் போறப்ப நாம சொதப்புற இடங்கள்

அடி வாங்குறது, அப்பா அம்மா பிரிஞ்சது, வீட்ல ஒரு சாவு, இந்த மாதிரி விஷயத்தப் பத்தி குழந்தைங்ககிட்ட பேசப் போறவங்க கேள்வித்தாள பத்து தடவ திருத்துவாங்க, ஆனா சொதப்பல் அதுக்கு முன்னாடி சம்மதம் வாங்குறப்பவே ஆரம்பிச்சிடும். பெத்தவங்க கையெழுத்து போட்டாச்சு, ஸ்கூல்ல ஓகே சொல்லிட்டாங்க, அப்புறம் என்னன்னு உக்காந்துடுறாங்க. புள்ளைய யாரு கேட்டா? 1989ல வந்த ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையோட 12வது பிரிவு, தன்னைப் பாதிக்கிற விஷயத்துல கருத்து சொல்ல குழந்தைக்கு உரிமை இருக்குன்னே சொல்லுது. சிக்கல் என்னன்னா, குழந்தை வாயத் தொறந்து வேணாம்னு சொல்லாது, ஷூ லேஸ நோண்டும், மூணாவது தடவையா பாத்ரூம் போகணும்னு சொல்லும், எதக் கேட்டாலும் "தெரியல"ங்கும். அதுதான் அது சொல்ற "வேணாம்". அங்கயே ரெக்கார்டர ஆஃப் பண்ணணும், "இன்னும் ரெண்டே கேள்விதான் கண்ணு"ன்னு இழுக்கக்கூடாது.

அடுத்து, பதில் பிடிக்கலன்னா அதே கேள்விய திரும்பக் கேக்குறது. முதல்ல சொன்னது தப்பு போலன்னு நெனச்சு புள்ள பதில மாத்திடும், நாமளும் இப்பதான் உண்மை வெளிய வந்துச்சுன்னு எழுதிக்குவோம் (நானும் எழுதியிருக்கேன்). 1980ல ஹியூஸ், க்ரீவ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 5, 7 வயசுப் புள்ளைங்ககிட்ட "பால் தண்ணியவிட பெருசா?"ன்னு அர்த்தமே இல்லாத கேள்வி கேட்டாங்க, பெரும்பாலானவங்க அதுக்கும் பதில் சொன்னாங்க. பெரியவங்க கேட்டா பதில் சொல்லணும்னு பழக்கிட்டோம்ல. அப்படி இருக்கறப்ப "அவர் உன்ன அடிச்சாரா?"ன்னு கேட்டு வாங்குற ஆமாவ எப்படி நம்புறது? "அன்னிக்கு என்ன நடந்துச்சு?"ன்னு கேட்டுட்டு சும்மா இருங்க, அந்த சும்மா இருக்கறதுதான் கஷ்டம்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க. யாரோ காயப்படுத்துறாங்கன்னு குழந்தை சொல்லிட்டா நாம வாயை மூடிட்டு இருக்க முடியாது, பல நாட்டுல சட்டமே விடாது. அதனால "நீ சொல்றத நான் ஊருக்குச் சொல்ல மாட்டேன், ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா உதவி பண்றவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும், உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்"னு ஆரம்பத்துலயே சொல்லிடணும். இதச் சொன்னா பேச மாட்டாங்கன்னு சிலர் பயப்படுறாங்க. பேசலன்னா பேசல.

படம் வரையச் சொல்றதும் இப்ப ஃபேஷன். கருப்பு அடிச்சிருக்கு, மனசுல ஏதோ இருக்குன்னு நாமளே கதை கட்டிடுவோம், டப்பால கருப்பு க்ரேயான்தான் மிச்சம் இருந்திருக்கும். வரைஞ்ச புள்ளையவே கேளுங்க.

பேர மட்டும் மாத்துனா போதும்னு நெனைக்கிறதும் தப்புதான், "இரட்டையர்ல ஒருத்தி, அப்பா போலீஸ்"னு ரிப்போர்ட்ல இருந்தா மொத்த கிளாஸும் கண்டுபிடிச்சிடும்.

அப்புறம், கனமான கேள்விய கடைசில வச்சிட்டு, அழுத கண்ணோட புள்ளைய நேரா கணக்கு கிளாஸுக்கு அனுப்பிடுறாங்க. கடைசி பத்து நிமிஷம் அது வளக்குற நாயப் பத்தியோ விளையாட்டப் பத்தியோ பேசிட்டு அனுப்புங்க, ரெக்கார்டர் ஓட வேணாம்.