தோட்டத்திலிருந்து பனித்தரைக்கு: ஐஸ் ஹாக்கி ஃபார்வர்ட் ஆகும் வழி

தஞ்சோங் மாலிம், கோலகுபு பாரு, ராசா வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்கு ஹாக்கி மட்டை புதிதல்ல. ஐஸ் ஹாக்கி என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இந்த வெயிலில் எங்கே போய் ஆடுவது?" என்பதுதான். சரியான கேள்வி. உயரம், உடல்வாகு, ஏன் பணம்கூட இரண்டாம்பட்சம். பனிமேல் நிற்கும் மணிக்கணக்குதான் உண்மையான தடை. குளிர்நாட்டுப் பிள்ளை வாரம் 4 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம் ஆடினால் 120 மணி. இங்கிருந்து மாதம் இருமுறை பேரங்காடியிலுள்ள பனிச்சறுக்கு ரிங்குக்குப் போய் ஒன்றரை மணி சறுக்கினால் ஆண்டுக்கு 36 மணி. இந்த இடைவெளியை எவ்வளவு குறைக்கலாம், எந்த வயதில் எந்தக் கதவு மூடும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

முதலில் வயது

வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் 32 குழுக்கள். ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில் 7 சுற்றுகளில் 224 இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அமெரிக்க ஆட்டக்காரர் ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17; இரண்டே நாளில் வாய்ப்பு ஓராண்டு தள்ளிப்போனது. அந்த ஓராண்டைச் சுவிட்சர்லாந்தில், சூரிக் நகரக் குழுவில் பெரியவர்களோடு ஆடிக் கழித்துவிட்டு, 2016-இல் முதல் ஆளாகத் தேர்வானார். அவர் வளர்ந்தது அரிசோனா பாலைவனத்தில். வெயில் தடையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அவர் சிறுவயதிலிருந்தே ரிங்கில் இருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

6 முதல் 9 வயதுக்குள் பனியில் கால் வைத்த பிள்ளைக்கு எல்லாக் கதவும் கோட்பாட்டளவில் திறந்திருக்கும். ஆனால் 13, 14 வயதில் தினமும் ரிங்க் கிடைக்கும் நாட்டுக்குப் போயாக வேண்டும். 10 முதல் 13-க்குள் தொடங்கினால் வெளிநாட்டு ஜூனியர் குழுவும் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியும் கடினமான, ஆனால் நினைத்துப் பார்க்கக்கூடிய இலக்குகள். 14 வயதுக்குப் பிறகுதான் முதன்முதலாகச் சறுக்குகிறான் என்றால் என்.எச்.எல். கனவை ஓரமாக வைத்துவிடுங்கள். மலேசியக் குழு, ஆசியப் போட்டிகள், பல்கலைக்கழகக் கிளப் ஆகியவை அப்போதும் எட்டும் தூரம்தான். மலேசியா 2006-இல் அனைத்துலக ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் சேர்ந்தது. 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் ஐஸ் ஹாக்கி முதன்முறையாக இடம்பெற்றது.

திடல் ஹாக்கி தருவதும் கெடுப்பதும்

திடல் ஹாக்கியில் இடதுகை மட்டை கிடையாது. எல்லாரும் இடக்கை மேலே, வலக்கை கீழே பிடிப்பார்கள். இந்தப் பிடி ஐஸ் ஹாக்கியில் 'ரைட் ஷாட்'. அங்கே லெஃப்ட் ஷாட் ஆட்டக்காரர்கள்தாம் அதிகம் என்பதால், பழகிய பிடியை மாற்றச் சொல்லும் அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மட்டை வாங்கும்போது 'ரைட்' என்று கேட்டு வாங்குங்கள்; தவறான வளைவை வாங்கிவிட்டு ஆறு மாதம் தடுமாறுவது அடிக்கடி நடக்கிறது.

எடையும் புதிதாக இருக்காது. திடல் ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம். பக் 156 முதல் 170 கிராம். பக் என்பது 3 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள கெட்டி ரப்பர் வில்லை. பால் வெட்டிய ஊருக்கு ரப்பரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சூட்டில் அது துள்ளும் என்பதால்தான் ஆட்டத்துக்கு முன் உறைய வைக்கிறார்கள்.

கெடுக்கும் பழக்கங்கள் மூன்று. இடுப்பை வளைத்துக் குனிவது முதலாவது: பனியில் முழங்கால் மடங்க வேண்டும், நெஞ்சும் தலையும் நிமிர்ந்திருக்க வேண்டும். தலை குனிந்து வரும் ஃபார்வர்ட் மோதலில் முதலில் விழுவான். இரண்டாவது, மட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் நம்புவது: இங்கே பிளேடின் இரு பக்கமும் பயன்படும், பேக்ஹேண்ட் ஷாட்டைப் பூஜ்யத்திலிருந்து கற்க வேண்டும். மூன்றாவது, பந்து காலில் பட்டால் தப்பு என்ற பயம். ஐஸ் ஹாக்கியில் ஸ்கேட்டால் பக்கைத் தட்டி மட்டைக்குக் கொண்டுவரலாம். காலால் உதைத்துக் கோல் போடுவதற்குத்தான் தடை.

வீட்டு வாசலில் செய்யக்கூடியது

ஃபார்வர்டின் கைவேலையில் பெரும்பகுதியைப் பனியே இல்லாமல் கற்கலாம். சொரசொரப்பான சிமென்ட் பிளேடைத் தின்றுவிடும். பாசார் மாலாமிலும் தளவாடக் கடையிலும் கிடைக்கும் திக்கார் கெத்தாவில் (பிளாஸ்டிக் தரைவிரிப்பு) இரண்டு மீட்டர் வாங்கி, வழவழப்பான பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, மரச்சாமான் மெழுகு ஸ்பிரேயை லேசாகத் தடவினால் பக் ஓரளவு பனியைப் போலவே நழுவும். மெழுகு பூசிய இடத்தில் கால் வைக்காதீர்கள், பல்லைப் பெயர்க்கும்.

கோல் சட்டம் 6 அடி அகலம், 4 அடி உயரம். பிவிசி குழாயில் அடித்து, பின்னால் கெட்டிக் கன்வாஸைத் தொங்கவிடுங்கள். வலை மட்டும் போதாது. தவறிய பக் பக்கத்து வீட்டுக் கண்ணாடியில் போய் நிற்கும். 5, 6 மீட்டர் தள்ளி நின்று தினம் 100 ஷாட்: 50 ரிஸ்ட் ஷாட் (மணிக்கட்டைச் சுழற்றி அடிப்பது), 30 பேக்ஹேண்ட், 20 வந்த பக்கை நிறுத்தாமல் அடிப்பது. 9 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 113 கிராம் எடையுள்ள நீல நிற இளையர் பக் போதும். கனமான பக் மணிக்கட்டை இழுத்துத் தப்பான அசைவைப் பழக்கிவிடும். பந்து உருட்டிப் பழக கோல்ஃப் பந்து நல்லது. கண்ணை எதிரே சுவரில் வைத்துக்கொண்டு உருட்ட வேண்டும். பந்தைப் பார்த்துக்கொண்டு உருட்டுவதில் பயனில்லை.

காலுக்கு இன்லைன் ஸ்கேட். ஃபுட்சால் தளமோ, மண்டபத்துக்கு முன்னுள்ள சிமென்ட் தரையோ போதும். வெளித்தளத்துக்குக் கடினத்தன்மை எண் 82ஏ-க்கு மேற்பட்ட கெட்டிச் சக்கரம் போடுங்கள். உள்ளரங்கத்துக்கான மென்மையான சக்கரம் தார்ச்சாலையில் சில வாரத்தில் தேய்ந்துவிடும். நீண்ட அடி, கிராஸ்ஓவர் (வளைவில் ஒரு காலை மறு காலுக்குக் குறுக்கே வைத்துச் சறுக்குவது), பின்னோக்கி ஓடுவது எல்லாம் இதில் வரும். வராதது ஒன்று: பிளேடைக் குறுக்கே திருப்பிப் பனியைச் சீவி நிற்கும் ஹாக்கி ஸ்டாப். இன்லைனில் வளர்ந்த பிள்ளை ரிங்கில் வேகமாகப் போவான், நிற்கத் தெரியாமல் ரிங்கைச் சுற்றியுள்ள பலகையில் மோதுவான். அதனால் கிடைக்கும் அந்த 36 மணியை வட்டமடித்து வீணாக்காதீர்கள். முதல் பத்து மணி நேரம் முழுக்க நிற்பதும் திரும்பும் பழக்கமும்தான், இரண்டு பக்கமும்.

ரிங்க் பயணம்

கே.டி.எம். கொம்யூட்டரில் செத்தியா ஜெயா நிலையம், அங்கிருந்து பி.ஆர்.டி. பேருந்தில் சன்வே லகூன். பக்கத்திலேயே சன்வே பிரமிட் ரிங்க். கார் இருந்தால் டாமன்சாரா எம்பயர் சிட்டி, புத்ராஜெயா ஐ.ஓ.ஐ. சிட்டி மால் பக்கமும் விசாரிக்கலாம். போகும் முன் தொலைபேசியில் நேரம் கேளுங்கள். பொதுச் சறுக்கு நேரத்தில் மட்டையும் பக்கும் அனுமதியில்லை என்பது பலருக்கு ரிங்க் வாசலில்தான் தெரிகிறது. ஹாக்கிப் பயிற்சி வகுப்பு அல்லது கிளப் நேரத்தில் பதிந்துகொள்ளுங்கள். அவை அதிகாலையிலோ பின்னிரவிலோ இருக்கும். திரும்பி வர இரயில் உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பொருள்

ஸ்கேட்டில்தான் காசு போட வேண்டும். காலணி அளவைவிட ஒன்று அல்லது ஒன்றரை அளவு சிறியது பொருந்தும். நின்றால் கட்டைவிரல் முனையைத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் குதிகால் அசையக் கூடாது. "வளர்கிற பிள்ளை" என்று இரண்டு அளவு பெரியதாக வாங்கினால் கணுக்கால் உள்பக்கம் சாயும், பிளேடின் எட்ஜ் (விளிம்பு) பனியைப் பிடிக்காது, பிள்ளைக்குத் திறமையில்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அரை அளவுக்கு மேல் இடம் விடாதீர்கள். புது ஸ்கேட் சாணை பிடிக்காமல் வரும். பிளேடின் அடியில் அரை அங்குல ஆரமுள்ள குழிவு தொடக்கத்துக்குப் போதும், பத்துப் பதினைந்து மணி சறுக்கலுக்கு ஒரு முறை மறுபடி தீட்ட வேண்டும்.

மட்டையின் ஃப்ளெக்ஸ் எண் (விறைப்பின் அளவு), பிள்ளையின் எடையைப் பவுண்டில் சொன்னால் அதில் ஏறக்குறைய பாதி. 40 கிலோ என்றால் 88 பவுண்டு. ஃப்ளெக்ஸ் 40-லிருந்து 45 வரை. ஸ்கேட் இல்லாமல் நின்றால் மட்டை மூக்கு வரை வர வேண்டும். வெட்டிக் குட்டையாக்கினால் விறைப்பு கூடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். அண்ணனின் மட்டையை வெட்டித் தம்பிக்குக் கொடுத்தால் அவன் எவ்வளவு அழுத்தினாலும் அது வளையாது.

தோள், முழங்கை, முழங்கால் காப்புகள், கையுறை, கால்சட்டை எல்லாம் பழையது வாங்கலாம். தலைக்கவசம் மட்டும் புதியது. அமெரிக்கச் சான்று முத்திரை உற்பத்தியிலிருந்து ஆறரை ஆண்டுக்குத்தான் செல்லும். முகக்கூண்டும் கழுத்துக் காப்பும் கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஆட்டத்தின்போது எதிராளியின் ஸ்கேட் கழுத்தில் பட்டு ஆட்டக்காரர் ஆடம் ஜான்சன் இறந்தார்.

நம் ஊர்க் காற்றின் ஈரம் பிளேடைத் துருப்பிடிக்க வைக்கும். ரிங்கைவிட்டு இறங்கியதும் துணியால் துடைத்து, துணி உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும். அதற்குள் ஈரத்தோடு இரவு கிடந்தால் காலையில் பழுப்பு. பையை அன்றிரவே திறந்து எல்லாவற்றையும் காற்றாடிக்குக் கீழே தொங்கவிடாவிட்டால் வரும் நாற்றத்துக்கு மருந்தே இல்லை.

ஆட்டத்துக்குள்

ஃபார்வர்ட் மூவர்: நடுவே சென்டர், இருபுறமும் விங். சென்டருக்கு ஃபேஸ்ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டதும் இருவர் அதற்குப் போட்டியிடுவது), தன் கோல் முன் காவல், இரு முனைக்கும் ஓட்டம். தாமதமாகத் தொடங்கியவன் விங்கில் ஆரம்பிக்கட்டும். ரைட் ஷாட் என்றால் வலது விங், பலகையோரமாக வரும் பாஸ் ஃபோர்ஹேண்டில் விழும்.

புதிய விங்கரின் நோய் ஒன்றே: தன் குழுவுக்குப் பக் கிடைக்கும் முன்பே முன்னால் பறப்பது. பலகையோரம் காத்திருந்து, தோளுக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு, பக் மட்டைக்கு வந்த பிறகு ஓட வேண்டும். எதிரணிப் பக்கத்தில் பக்கைத் துரத்தும்போதும் மூவரும் ஒரே ஆளைத் துரத்தக் கூடாது: முதலாமவன் நெருக்குவான், இரண்டாமவன் பலகையோரம் அடைப்பான், மூன்றாமவன் கோலுக்கு எதிரே சற்றுத் தள்ளி மேலே நிற்பான். அந்த மூன்றாமவன் ஆசையில் உள்ளே போனால்தான் எதிரணிக்குத் திறந்த வழி கிடைக்கிறது.

ஒரு ஷிஃப்ட், அதாவது ஒருவர் ஒரு தடவை இறங்கி ஆடும் நேரம், 40, 45 வினாடி. திடல் ஹாக்கிக்காரருக்கு இது வேடிக்கையாகத் தெரியும். ஒன்றரை நிமிடம் நிற்பார், பிறகு கால் எரிந்து, திரும்பி ஓட முடியாமல் கோல் வாங்குவார். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவதில் பக்கம் மாறுவதால் மாற்று இருக்கை தன் கோலிலிருந்து தூரமாகிவிடும். பக் தன் பாதியில் இருக்கும்போது ஆள் மாறவே கூடாது.

பலகையை ஒட்டி நில்லுங்கள், அல்லது நன்றாகத் தள்ளி நில்லுங்கள். ஒரு மீட்டர் இடைவெளியில் முதுகைக் காட்டி நிற்பதுதான் கழுத்தை முறிக்கும் இடம். கனடாவில் 13 வயதுக்குட்பட்டோர் பிரிவு வரை உடல் மோதலுக்குத் தடை. 14 வயதில் அங்கே போகும் பிள்ளை மோதலை வாங்கக் கற்றுக்கொண்டு போக வேண்டும்.

மேல்படிகள்

கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளில் 16 முதல் 20 வயது வரை ஆடுகிறார்கள். வெளிநாட்டவருக்குத் தனி டிராஃப்ட், இடமும் சொற்பம். அமெரிக்கக் கல்லூரி இன்னொரு வழி. முன்பு கனடிய ஜூனியரில் ஆடினால் கல்லூரி வாசல் மூடிவிடும். 2025 ஆகஸ்ட் முதல் அந்தத் தடை இல்லை. கல்லூரிக்குப் பள்ளி மதிப்பெண் வேண்டும். முதல் பிரிவில் 16 அடிப்படைப் பாடங்களைக் கேட்கிறார்கள். பயிற்சிக்காகப் பள்ளியை விடும் யோசனை அங்கேயே அடிபட்டுப் போகிறது.

டிராஃப்டில் பெயர் வருவது ஒப்பந்தமல்ல. 18 முதல் 21 வயதில் கையெழுத்திட்டால் முதல் ஒப்பந்தம் மூன்றாண்டு; பலர் அதில் பெரும்பகுதியை அடுத்த நிலையான ஏ.எச்.எல்.-இல்தான் கழிக்கிறார்கள், அதற்குக் கீழே ஈ.சி.எச்.எல். 2025-26 பருவத்தில் என்.எச்.எல். குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 775,000 அமெரிக்க டாலர்; கீழ் லீக்குகளில் அதோடு ஒப்பிடவே முடியாது. டிராஃப்டில் பெயர் வராதவர்களும் நுழைந்திருக்கிறார்கள்: மார்ட்டின் செயின்ட் லூயி அப்படி வந்து 2004-இலும் 2013-இலும் லீக்கின் அதிகப் புள்ளி எடுத்தவர். பஞ்சாபி வம்சாவளி அர்ஷ்தீப் பெய்ன்ஸும் டிராஃப்டில் விடுபட்டவர்தான். மேற்குக் கனடா ஜூனியர் லீக்கில் அதிகப் புள்ளி எடுத்த 2021-22 பருவத்தின்போதுதான் வான்கூவர் கூப்பிட்டது. பெண் பிள்ளைகளுக்கு 2024 ஜனவரியில் தொடங்கிய பி.டபிள்யூ.எச்.எல். இருக்கிறது.

வெளிநாட்டுக் குழுவுக்கு எழுதும்போது பிறந்த தேதி, உயரம், எடை, ரைட் ஷாட் என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். கூடவே 4, 5 நிமிடக் காணொளி; கோல்களை மட்டும் ஒட்டாமல் முழு ஷிஃப்ட்டுகளைப் போடுங்கள், பக் இல்லாதபோது பிள்ளை என்ன செய்கிறான் என்பதைத்தான் பயிற்றுநர் பார்ப்பார். "தேர்வு முகாமில் இடம் நிச்சயம்" என்று முன்பணம் கேட்கும் ஏஜென்ட்டுக்கு ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். இடம் உறுதியானால், குழு அனுப்பும் கடிதத்தோடு நம் நாட்டுச் சங்கம் வழியாக அனைத்துலக இடமாற்ற அட்டை பெற வேண்டும். அது வரும்வரை பிள்ளை அங்கே பயிற்சி செய்யலாமே தவிர ஆட்டத்தில் இறங்க முடியாது. ஆகவே கடப்பிதழ், விசா வேலையைத் தொடங்கும் அதே வாரத்தில் இதையும் தொடங்கிவிடுங்கள்.