இளைக்கிற கோழிக்கு மருந்து வாங்கும் முன், அது எங்கே அடைகிறது என்று பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயன் வீடுகளில் பின்னால் ரெபான், அதாவது கோழிக்கூண்டு, இல்லாத வீடு குறைவு. போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "பத்துக் கோழிக்கும் ஒரே டெடாக்தான் (தவிட்டுத் தீனி) போடுறேன், சாம்பல் பெட்டை மட்டும் ஏன் இப்படி இளைச்சுப் போகுது?" போடுவது ஒன்றுதான், ஆனால் பத்தும் ஒரே மாதிரி சாப்பிடுவதில்லை.

கோழிகளுக்குள் மேல், கீழ் உண்டு. நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே 1921இலேயே இதை விவரித்திருக்கிறார்: முதல் பெட்டை எல்லாவற்றையும் கொத்தும், இரண்டாவது அதைத் தவிர மற்றதை எல்லாம் கொத்தும், கடைசிப் பெட்டைக்குக் கொத்த ஆளே கிடையாது. நாள் முழுக்க பயந்து ஓடுகிற கோழியின் உடம்பில் பதற்றச் சுரப்பு ஏறியே நிற்கும், அது வாரக்கணக்கில் நீடித்தால் நோயை எதிர்க்கும் சக்தி குறைந்துவிடும். பலவீனமாகப் பிறந்ததால்தான் கடைசிக்குப் போனது என்று நாம் சொல்லிவிடுகிறோம், ஆனால் 2016இல் அமெரிக்காவில் ரீசஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. பெண் குரங்குகளைப் புதுக் கூட்டங்களில் ஒவ்வொன்றாக விட்டார்கள், முன்னால் போனது மேலே நின்றது, பின்னால் போனது கீழே. பிறகு கூட்டத்தைக் கலைத்து இடத்தை மாற்றியபோது அவற்றின் எதிர்ப்பு அணுக்கள் வேலை செய்யும் விதமும் கூடவே மாறியது. அதனால் அந்தப் பெட்டையை நோஞ்சான் என்று ஒதுக்காதீர்கள், இடத்தைச் சரிசெய்து பாருங்கள்.

முதலில் இரண்டு சாயங்காலம் தீனி போட்டுவிட்டு அங்கேயே குந்தி உட்காருங்கள். யார் தட்டில் நிற்கிறது, யார் வெளியே சுற்றிச் சுற்றி வருகிறது, யாருக்குப் பின்தலையில் இறகு பிய்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். அப்புறம் கோழி அடைந்த பிறகு டார்ச்சோடு போய் ஒவ்வொன்றின் கழுத்துக்கு அடியிலும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். அக்கா வீட்டில் அன்றைக்குத் தொட்டபோது மற்ற கோழிகளுக்கு உருண்டையாக நிறைந்திருந்தது, சாம்பல் பெட்டைக்கு வெறும் தோல்தான் கையில் பட்டது, நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி இருந்தது. இன்னொன்றும் பார்த்தோம், அது மற்ற கோழிகள் ராத்திரி ஏறி அடைகிற கம்பில் இல்லை, தரையில் ஈர மரத்தூளில் ஒண்டிக் கிடந்தது. ரத்தக் கழிச்சல் கிருமிக்கு ஈரமும் சூடும் போதும், ஒன்றிரண்டு நாளில் எச்சத்திலேயே அது தொற்றுகிற நிலைக்கு வந்துவிடும். கம்பிலிருந்து விரட்டப்பட்ட கோழி ராத்திரி பூராவும் அதன் மேல்தான் படுக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? தீனியை ஒரே தட்டில் போடாதீர்கள், மூன்று இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வையுங்கள், வாழைக்குப் பின்னால் ஒன்று, சுவரோரம் ஒன்று. தண்ணீரும் அப்படித்தான், மத்தியான வெயிலில் நிழலில் இருக்கும் ஒரே தொட்டியை மூத்த பெட்டை பிடித்துக்கொண்டால் கடைசிக் கோழி தாகத்தோடு வெயிலில்தான் நிற்கும். கம்புகளை ஒரே உயரத்தில், ஒரு கோழிக்கு 20 சென்டிமீட்டராவது வருகிற மாதிரி கட்டுங்கள். வெட்டிய செம்பனை ஓலை இரண்டைச் சுவரில் சாய்த்து வைத்தால் துரத்தப்படுகிற கோழிக்கு மறைய இடம் கிடைக்கும். தரை மட்டும் காய்ந்தே இருக்க வேண்டும்.

புதுக் கோழி விஷயத்தில்தான் நானே தப்பு செய்தேன். காலைச் சந்தையில் ஒரே ஒரு பெட்டை வாங்கி அன்றைக்கே உள்ளே விட்டேன். நாலாம் நாள் தலையில் ரத்தத்தோடு மூலையில் முகத்தை மறைத்து நின்றது, அடுத்த வாரம் செத்தும் போனது, இன்றைக்கும் மனசு வலிக்கிறது. புதுசை இரண்டு மூன்று வாரம் தள்ளி, தனியாக வைத்து நோய் இல்லை என்று பாருங்கள். அப்புறம் ஒரு வாரம் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வையுங்கள். பிறகு ராத்திரியில், ஒற்றையாக இல்லாமல் இரண்டு மூன்றாகச் சேர்த்து விடுங்கள். மாதத்துக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். கென்யாவில் பபூன் குரங்குகளை 1978 முதல் ஆராய்ந்த ராபர்ட் சபோல்ஸ்கி, கூட்டம் நிலையாக இருக்கும்போது கீழே உள்ளவற்றுக்குத்தான் பதற்றச் சுரப்பு அதிகம், வரிசை ஆட்டம் கண்டால் மேலே உள்ளவையும் தவிக்கும் என்று கண்டார்.

காயம்பட்ட கோழியை உடனே பிரிக்க வேண்டும், ரத்தச் சிவப்பைப் பார்த்தால் மற்றவை விடாமல் கொத்தும். ஆனால் வலைக்கு அப்பால், கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது அதுவும் புது ஆள்தான்.

வெள்ளைக் கழிச்சல், அதுதான் கம்போங்கில், மலாய்க் கிராமங்களில், சம்பார் என்பார்களே, அது வந்தால் மேல் கீழ் பார்க்காது. அதற்குத் தடுப்பூசிதான். நாலைந்து ஒன்றாகச் சாய்ந்தால் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்காமல் கால்நடை இலாகாவைக் கூப்பிடுங்கள்.

மற்றபடி பத்து நாள் கழித்து ராத்திரியில் மறுபடி தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்திருந்தும் இளைக்கிறது என்றால், அப்போது குடற்புழு மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.