நின்றொளிரும் இரிடியம்: நிற்கும் நேரத்தில் கோட்டை விடாதீர்கள்

பாஸ்பரசன்ஸுக்கு நம் பாடப்புத்தகம் வைத்த பெயர் நின்றொளிர்தல். நல்ல தமிழ்தான். ஆனால் ப்ராஜெக்ட் பிள்ளைகள் யூவி விளக்கை அணைத்துவிட்டு, படுக்கையறைச் சுவரில் ஒட்டும் நட்சத்திர ஸ்டிக்கர் மாதிரி இரிடியம் காம்ப்ளெக்ஸும் (அணைவுச் சேர்மம்) மினுங்கும் என்று இருட்டில் காத்திருப்பார்கள். மினுங்காது. பச்சையாக ஒளிரும் ட்ரிஸ்-ஃபீனைல்பிரிடின் இரிடியம் நிற்பது ஒன்றிரண்டு மைக்ரோ நொடிதான்.

அதுவே நெடுநேரம். சாதாரண ஒளிர்தல் நானோ நொடிகளில் முடிந்துவிடும். ஓஎல்இடியில் (கரிமப் பொருளால் ஒளிரும் விளக்கில்) மின்சாரம் உண்டாக்கும் எக்ஸிடான்களில், அதாவது கிளர்ந்த நிலைகளில், 75 சதவீதம் ட்ரிப்லெட்: இரண்டு எலக்ட்ரான்களின் சுழற்சியும் ஒரே பக்கம். சாதாரணப் பொருளில் அது ஒளியாகாமல் வீணாகும். அதனால்தான் 1998-இல் ஆராய்ச்சியாளர்கள் ஃபாரஸ்ட், தாம்சன் குழுவினர் பிளாட்டினம் காம்ப்ளெக்ஸைக் கையில் எடுத்தார்கள். அந்த ட்ரிப்லெட் நிற்கிற நேரத்தில் வரும் வம்புகளை மறப்பதால்தான் முக்கால்வாசி தவறு.

முதல் வம்பு ஆக்சிஜன். அதன் இயல்பு நிலையே ட்ரிப்லெட். வந்து மோதிய கையோடு ஆற்றலை வாங்கிக்கொண்டு போய்விடும். காற்று கலந்த கரைசலை அளந்துவிட்டு "சார், ஒளிரவே மாட்டேங்குது" என்றால் காம்ப்ளெக்ஸ் என்ன செய்யும்?

சரி, நைட்ரஜன் குமிழ் விட்டு ஆக்சிஜனை விரட்டலாம். அதிலும் சென்னைக்கென்று ஒரு கூத்து உண்டு. வழக்கமான கரைப்பான் டைகுளோரோமீத்தேன் கொதிப்பதே 40 டிகிரியில். மே மாதம், ஏசி ஓடாத லேபில் 20 நிமிடம் குமிழ் விட்டால் ஆக்சிஜனோடு கரைப்பானும் பறக்கும். செறிவு ஏறி அளவு கெடும். க்யூவெட்டில் (அளக்கும் சின்னக் குப்பியில்) கரைசல் மட்டத்துக்கு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் கண்ணெதிரே இறங்குவது தெரியும். காம்ப்ளெக்ஸ் கரைந்தால் டொலுவீனுக்கு மாறிவிடுங்கள், அது 110 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். இல்லையென்றால் நைட்ரஜனை அதே கரைப்பான் உள்ள இன்னொரு குடுவை வழியாக நனைத்து அனுப்புங்கள். ஊசி அடிவரை போகட்டும். மேலே குமிழ் விட்டுப் பிரயோசனமில்லை. திரவ நைட்ரஜன் கிடைத்த நாளில், உறைய வைத்து வெற்றிடத்தில் இழுத்து உருக்குவதை மூன்று தடவை செய்வதுதான் உறுதி.

அப்புறம் அக்கம்பக்கம். காம்ப்ளெக்ஸை மட்டும் தனிப் படலமாகப் பூசினால், நெருங்கி நிற்கும் மூலக்கூறுகள் ஒன்றின் ஒளியை ஒன்று அவித்துவிடும். அதனால்தான் ஹோஸ்ட் என்ற தாங்கு பொருளில் 6 முதல் 8 சதவீதம் வரை கலக்கிறார்கள். லிகண்டுகள் (உலோகத்தோடு பிணைந்த மூலக்கூறுகள்) வேறு அமைப்பில் நிற்கும் மெர் ஐசோமர் கலந்திருந்தாலும் மங்கும், புரோட்டான் என்எம்ஆர் எடுங்கள். சமச்சீரான ஃபேக் ஐசோமர் என்றால் மூன்று லிகண்டும் ஒன்றுபோல, 8 சிக்னல்தான் வரும். கூடுதலாக வந்தால் சுத்தமில்லை.

ஹோஸ்ட் விஷயத்தில் பழக்கதோஷம் வேண்டாம். பச்சைக்குச் சரியாக இருந்த சிபிபி என்ற ஹோஸ்ட்டின் ட்ரிப்லெட் ஆற்றல் 2.56 எலக்ட்ரான் வோல்ட் அளவில். நீலமாக ஒளிரும் ஃபிர்பிக் என்ற இரிடியம் காம்ப்ளெக்ஸுக்கு அதைவிடச் சற்று அதிகம், அதனால் ஆற்றல் ஹோஸ்ட்டுக்கே திரும்பிப் போகும். 2.9 அளவில் உள்ள எம்சிபி என்ற ஹோஸ்ட்டில் போட்டால் அங்கேயே தங்கி நீலமாக வெளிவரும்.