கடற்கரைதானே என்று கிளம்பாதீர்கள்: கிரீட் தீவின் தென்மேற்கில் நடப்பவர்கள் செய்யும் தவறுகள்

கிரீஸின் கிரீட் தீவில், தென்மேற்குக் கரையில் சூயா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கூழாங்கல் கடற்கரை, அதையொட்டிச் சில உணவகங்கள், விடுமுறைக்கு வாடகைக்குக் கிடைக்கும் சிறு வீடுகள். அங்கே தங்குபவர்களில் பலர் ஒருநாள் காலையில் லிஸோஸ் வரை நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்புவார்கள். மேற்கே ஒரு மலையைத் தாண்டினால் பள்ளத்தாக்கில் பழைய நகரத்தின் இடிபாடுகள். அதன் காலடியில் ஆளரவம் குறைந்த கடற்கரை. போக ஒன்றரை மணி நேரம். இதில் தவறு செய்ய என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் தவறு ‘கரையோர நடை’ என்ற சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. கேட்டதும் ஈர மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது போலத் தோன்றும். இங்கே பல இடங்களில் கரை என்று தனியாக எதுவும் கிடையாது. 2,400 மீட்டருக்கு மேல் எழும் வெள்ளை மலைகளின் சரிவுகள் நேராக லிபியக் கடலுக்குள் இறங்குகின்றன. லிஸோஸ் பாதை துறைமுகத்திலிருந்து ஒரு குறுகிய மலையிடுக்குக்குள் நுழைந்து, பைன் மரங்களுக்கிடையே ஏறி, நிழலே இல்லாத மேட்டைக் கடந்து, பிறகு செங்குத்தாக இறங்குகிறது. கடல் கண்ணில் படுவது பாதி வழிக்குப் பிறகுதான். அதனால் இந்தக் கரையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள், மணியில் கணக்கிடுங்கள். கிழக்கே ஆயா ரூமெலியிலிருந்து லூத்ரோவுக்குப் படகில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கரையோரமாக நடந்தால் ஐந்தாறு மணி நேரம். செருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்குள்ள சுண்ணாம்புப் பாறை கத்தி மாதிரி.

அடுத்தது வெயில். வெயில் நாட்டில் பிறந்தவர்களுக்கு இதில் ஓர் அலட்சியம் உண்டு, எனக்கும் இருந்தது. வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் உடல் எவ்வளவு தண்ணீர் இழக்கிறது என்பது தெரியாது. காற்று குளிர்ச்சியாகவே படும், தலை மட்டும் லேசாகச் சுற்றும். 2024 ஜூன் 5 அன்று கிரீஸின் இன்னொரு தீவான சிமியில், பிரிட்டனின் புகழ்பெற்ற தொலைக்காட்சி மருத்துவரான மைக்கேல் மோஸ்லி, ஒரு கடற்கரையிலிருந்து கைபேசி இல்லாமல் தனியே நடக்கத் தொடங்கினார். நான்கு நாள் தேடலுக்குப் பிறகு, ஒரு கடற்கரை உணவகத்துக்கு மிக அருகில் அவர் உடல் கிடைத்தது. உடல்நலத்தைப் பற்றியே ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். 2023, 2024 கோடைகளில் கடும் வெப்ப நாட்களில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸையே நடுப்பகலில் மூடிவைத்தார்கள். விடிந்ததும் கிளம்புங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். வழியில் ஊற்று இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பலாம், ஆனால் அதை நம்பிப் புட்டியைக் காலியாக எடுத்துச் செல்லக் கூடாது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை, வாடகைக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவசர எண் 112. மலையிடுக்குகளில் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால் வீட்டுக்காரரிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் உண்மையான காப்பீடு.

நான் செய்த தவறு வேறு. மேட்டின் மேல் நின்றபோது கீழே நீலமும் பச்சையுமாக ஒரு சிறு குடா தெரிந்தது. அதை நோக்கி ஒரு தடமும் இறங்கியது. அது ஆடுகள் போட்ட தடம் என்பது, பாறை விளிம்பில் அது முடிந்தபோதுதான் புரிந்தது. சறுக்கிக்கொண்டு இறங்கப் பத்து நிமிடம், கையும் காலுமாக ஏறி வர ஒரு மணி நேரம். ஆட்டுக்குப் பாதையாக இருப்பது மனிதனுக்கும் பாதையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இ4 என்ற நெடுந்தூர ஐரோப்பிய நடைபாதை இந்தக் கரை வழியாகத்தான் போகிறது. அதன் மஞ்சள், கறுப்பு அடையாளங்களையோ, கூம்பாக அடுக்கிய கற்களையோ சற்று நேரம் காணவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்பிப் போய்விடுவதே நல்லது. வழியில் கம்பி வேலிக் கதவுகள் வரும். மூடியிருந்ததைத் திறந்தால், கடந்ததும் மறுபடி மூடிவிட வேண்டும்.

திரும்பி வரப் படகு இருக்கிறதே என்று தெம்பாகப் போகிறவர்களும் மாட்டிக்கொள்வதுண்டு. கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்று மலையிடுக்குகள் வழியாகத் திடீரெனக் கடலுக்குப் பாயும். கரையில் இலைகூட அசையாத நாளிலும் அப்பால் கடல் கொந்தளிக்கலாம். காற்று மிஞ்சினால் படகு ஓடாது. இது புதிய செய்தி அல்ல. பைபிளில் வரும் அப்போஸ்தலர் பவுலைக் கைதியாக ஏற்றிவந்த கப்பல், இதே கரையில் இருந்த பேனிக்ஸ் துறைமுகத்தில் மழைக்காலத்தைக் கழிக்கப் புறப்பட்டது. இதமான தென்றலில் கிளம்பியது. தீவிலிருந்து பாய்ந்த ‘யூரோக்கிலிதோன்’ என்ற கடுங்காற்று அதைக் கடலுக்குள் அடித்துப்போயிற்று. அந்தப் பேனிக்ஸ் இன்றைய லூத்ரோவை ஒட்டி இருந்ததாகவே பெரும்பாலும் கருதுகிறார்கள். லூத்ரோவுக்கு இன்றும் சாலை கிடையாது. ஆகவே படகு நேரத்தை முந்தின நாள் மாலை துறையிலேயே கேளுங்கள். கடைசிப் படகை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இனி இடிபாடுகள். பெரும்பாலானோர் இவற்றைக் கடற்கரைக்குப் போகும் வழியில் தட்டுப்படும் கற்குவியல்களாகவே பார்க்கிறார்கள். லிஸோஸில் அப்படிச் செய்தால் பாதி நாள் வீண். மேற்குச் சரிவில் வளைந்த கூரையோடு வரிசையாக நிற்பவை பழங்கால வீடுகள் என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவை ரோமானியர் காலத்துக் கல்லறைகள். மருத்துவக் கடவுள் அஸ்கிலேபியஸின் கோயிலில் மொசைக் தரை மிஞ்சியிருக்கிறது. அதன்மேல் ஏறி நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அங்கே கிடைத்த சிலைகளைக் காண ஹானியா நகர அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். முடிந்தால் நடைக்கு முன்பே போய்ப் பாருங்கள். வெறும் கோயில் தரையில் யார் நின்றிருந்தார்கள் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பைசாந்தியக் காலத்துச் சிறு தேவாலயங்களின் சுவர்களையும் நெருங்கிப் பாருங்கள். பழைய கோயில்களின் கற்களை எடுத்தே கட்டியிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் ஒரு ஓட்டுச்சில்லைக்கூட எடுக்காதீர்கள். கிரேக்கச் சட்டப்படி தொல்பொருள்கள் அரசுக்குச் சொந்தம். விமான நிலையத்தில் பை திறக்கப்பட்டால் அறியாமல் எடுத்தேன் என்ற பேச்சு எடுபடாது.

இன்னொன்றைக் கிட்டத்தட்ட எல்லோரும் தவறவிடுகிறார்கள். கி.பி. 365 ஜூலை 21 அன்று வந்த பெரும் நிலநடுக்கத்தோடு கிரீட்டின் மேற்குப் பகுதி கடலிலிருந்து மேலெழும்பியது. சில இடங்களில் ஒன்பது மீட்டர் வரை. அதே நாளில் கிளம்பிய ஆழிப்பேரலை எகிப்தின் அலெக்சாண்டிரியாவை அடித்தது. தீவின் மேற்கு முனையில் உள்ள பலாசர்னாவின் துறைமுகம் இன்று தண்ணீரே இல்லாமல் தரையில் கிடக்கிறது. ‘துறைமுக நகரம் என்றார்களே, கடல் எங்கே?’ என்று குழம்புபவர்களுக்கு விடை அதுதான். திரும்பும்போது படகு கிடைத்தால், கடலைப் பார்க்காமல் மலைப்பக்கம் முகம் வைத்து உட்காருங்கள். தலைக்கு மேலே பாறையில் கிடைமட்டமாக அரித்தெடுத்த ஒரு கோடு நெடுகக் கூடவே வரும். 365 வரை அலை அடித்த இடம் அது.