படித்தவர் ஊருக்குள் வந்து பேசும்போது: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

1957 ஜனவரி. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவு. மளிகைக் கடை ஒன்றின் பின்கட்டில் 14 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் கறுப்பினத்தவர், வயது வந்தவர்கள், பகல் முழுக்க உடம்பை முறித்து வேலை செய்துவிட்டு இரவில் படிக்க வந்தவர்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டுமென்றால் மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியை அதிகாரி முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. கறுப்பர்களை வடிகட்டப் பயன்பட்ட விதி. முன்பக்கம் கடை வைத்ததே வெள்ளைக்காரர்களுக்குச் சந்தேகம் வராமல் இருப்பதற்காகத்தான்.

பாடம் நடத்த வந்த பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியை அல்ல. பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிற கடை வைத்திருந்தவர். அவரைத் தேடிப் பிடித்தவர் செப்டிமா கிளார்க். முதுகலை படித்த ஆசிரியை, 1937இல் அட்லாண்டாவில் புகழ்பெற்ற கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸிடமே பாடம் கேட்டவர், கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததால் 1956இல் வேலை போனவர். அத்தனை படித்தவர், வகுப்பெடுக்க இன்னொரு ஆசிரியரைக் கூப்பிடவில்லை. வாத்தியார் வந்தால் வாத்தியார் மாதிரியே நடத்திவிடுவார் என்ற பயம். அழகுக் கடைக்காரரிடம் ஜனங்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். வாடிக்கையாளர்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள் என்பதால், அவரை வேலையைவிட்டுத் தூக்குவேன் என்று மிரட்ட ஒரு வெள்ளை முதலாளியும் கிடையாது.

அப்படிப்பட்ட ராபின்சனும் முதல் நாள் சறுக்கினார். சின்னப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களை எடுத்துக்கொண்டு போயிருந்தார். எதிரே இருந்த முகங்களைப் பார்த்ததுமே இது சரிப்படாது என்று புரிந்துவிட்டது. புத்தகங்களை ஓரமாக வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டார். பைபிள் வாசிக்கணும், பேப்பர் வாசிக்கணும், பேரை எழுதணும், மணியார்டர் ஃபாரம் நிரப்பணும். அதுவே பாடத்திட்டம் ஆனது. சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டி, வகுப்பு முடிவதற்குள் இதை நீங்கள் வாசித்துவிட வேண்டும் என்றார்.

அமெரிக்காவில் கறுப்பின அறிஞர்களும், பிரவுன் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மெக்சிக மரபினர் போன்றவர்களும் நூறு வருடத்துக்கு மேலாகப் பல்கலைக்கழக அறிவைத் தெருவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அவர்கள் யாரைப் பற்றி ஆராய்ந்தார்களோ, அவர்கள் பெரும்பாலும் சொந்த அம்மாவும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும்தான். தப்பாகச் சொன்னால் வீட்டுக்குப் போனதும் கேட்டுவிடுவார்கள். அதனாலேயே, இந்த வேலையில் எங்கெல்லாம் சறுக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தில் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

எளிமையாகச் சொல்வது என்றதும் குரலைக் குழந்தைத்தனமாக்கிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. யூடியூபில் நாற்பது வயதுக்காரர்களுக்கு வட்டி விகிதத்தை விளக்குகிறவர் ஒன்றாம் வகுப்பு டீச்சர் போலப் பேசுவார். கேட்கிறவர் பத்து வருடமாகச் சீட்டு நடத்துகிறவராக இருப்பார்.

அடுத்தது, பொருளைக் காட்டுவதற்கு முன்னால் பெயரை வைத்துவிடுவது. இதை நானே செய்திருக்கிறேன். இன்டர்செக்‌ஷனாலிட்டி பற்றி ஒரு சிற்றிதழுக்கு எழுதும்போது முதல் வரியிலேயே ‘குறுக்குவெட்டுத்தன்மை’ என்று போட்டேன். படித்துவிட்டு என் அத்தை, “என்னடா, ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி இருக்கு?” என்றார். அதற்கு மேல் அவர் படிக்கவில்லை.

அந்தச் சொல்லை 1989இல் கொண்டுவந்த சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா, அதை வெறும் சொல்லாக வீசவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் மேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கைக் காட்டினார். 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவே இல்லை என்று வழக்கில் வெளிவந்தது. பின்னால் எடுத்தவர்களும், கடைசியில் வந்தவர் முதலில் வெளியே என்ற கணக்கில், ஆட்குறைப்பில் போய்விட்டார்கள். 1976இல் நீதிமன்றம் என்ன சொன்னது? பெண்களை 1964க்கு முன்பும் எடுத்திருக்கிறார்களே, எனவே பெண் என்பதால் பாகுபாடு இல்லை. (எடுத்த பெண்கள் வெள்ளைப் பெண்கள்.) இனப் பாகுபாடு என்றால் வேறொரு வழக்கு நடக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் கூட்டி ஒரு புது வழக்காகப் போட முடியாது.

இதைச் சொல்லிவிட்டு கிரென்ஷா ஒரு நாற்சந்தியைக் காட்டினார். நடுவில் நிற்கிறவர் மேல் எந்தப் பக்கத்து வண்டியும் மோதலாம், சில நேரம் எல்லாப் பக்கத்து வண்டியும் மோதலாம். எந்த வண்டி மோதியது என்று நீ நிரூபித்தால்தான் ஆம்புலன்ஸ் வரும் என்றால்? வழக்கையும் நாற்சந்தியையும் முதலில் சொல்லியிருந்தால் என் அத்தை கடைசி வரி வரை வந்திருப்பார். சொல்லுக்கும் அப்புறம் ஒரு வேலை இருந்திருக்கும்.

இதையே ஒரு முறையாக்கியவர் பாப் மோசஸ். 1960களில் மிசிசிப்பியில் உயிரைப் பணயம் வைத்துக் கறுப்பின வாக்காளர்களைப் பதிவு செய்தவர். 1982இல் மகளின் பள்ளியில் அல்ஜீப்ரா சொல்லித்தரப் போய், அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். மைனஸ் எண்ணைச் சொல்லித்தர அவர் பிள்ளைகளைச் சுரங்க ரயிலில் ஏற்றிவிடுவார். போய்வந்ததும் படம் வரையச் சொல்வார். பிறகு பார்த்ததைத் தங்கள் பேச்சிலேயே எழுதச் சொல்வார். அதற்கு ‘ஜனங்கள் பேச்சு’ என்று பெயர். அதிலிருந்து எத்தனை நிறுத்தம், எந்தத் திசை என்று முக்கியமானதை மட்டும் பிரித்தெடுத்து இறுக்கமான ஒரு பேச்சு. குறியீடு வருவது கடைசியில். நம்மில் பலர் கடைசிப் படியில் நின்றுகொண்டு, கீழே நிற்கிறவருக்குக் கால் இல்லை என்கிறோம்.

உதாரணம் கேட்பவர் ஊரில் இல்லாததாக இருப்பது இன்னொரு தொல்லை. கார்ட்டர் வுட்சன் என்றால் 1926இல் கறுப்பர் வரலாற்று வாரத்தைத் தொடங்கிய வரலாற்று அறிஞர் என்று தெரிந்திருக்கலாம். அவரே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். எழுத்து தெரியாத சக தொழிலாளர்களுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டியவர். இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார், 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். நடுவில் 1903இலிருந்து சில வருடம் பிலிப்பைன்ஸில் ஆசிரியர். அங்கே அமெரிக்க ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு ‘ஆப்பிள் மரத்தை உலுக்கு’ என்று பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்களாம். ஆப்பிள் மரத்தைக் கண்டிராத பிள்ளைகள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் திண்டாடிய இடத்தில், இன்ஷூரன்ஸ் தொழிலிலிருந்து வந்த ஒருவர் ‘லொம்போய் மரத்தை உலுக்கு’ என்று மாற்றிப் பாடவைத்து ஜெயித்தார் என்று 1933இல் வுட்சன் எழுதினார். லொம்போய் வேறொன்றுமில்லை, நம் நாவல் மரம். உலுக்கியவர்களுக்குத் தெரியும்.

ஜனங்களின் பேச்சைத் திருத்துவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1927இல் மானுடவியல் மாணவி சோரா நீல் ஹர்ஸ்டன் அலபாமாவுக்குப் போய் கொசோலா என்ற முதியவரைச் சந்தித்தார். 1860இல், சட்டம் தடுத்த பிறகும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைத் திருட்டுத்தனமாக ஏற்றிவந்த க்ளோடில்டா கப்பலில் வந்தவர் அவர். முதல் தடவை ஹர்ஸ்டனுக்குச் சரக்கு அதிகம் கிடைக்கவில்லை. அவசரத்தில், வேறொருவர் புத்தகத்திலிருந்து பெரும்பகுதியைப் பெயர் சொல்லாமல் எடுத்துக் கட்டுரையாக்கிவிட்டார். வந்த இடம் வுட்சனின் ஆய்விதழ். ஒரு தடவை போய், ஒரு பேட்டி எடுத்து, மீதியை நூலகத்தில் இட்டு நிரப்புகிற பழக்கம் நமக்கும் புதிதில்லை.

ஆனால் அவர் திரும்பிப் போனார். பீச் பழமும் தர்ப்பூசணியும் கொண்டுபோய், பெரியவர் பேச விரும்பாத நாளில் சும்மா உட்கார்ந்திருந்து, மாதக்கணக்கில் கேட்டார். 1931இல் எழுதி முடித்தார். பதிப்பகம் ஒன்று பொது ஆங்கிலத்தில் மாற்றிக்கொடுத்தால் போடலாம் என்றது. மாட்டேன் என்றார். புத்தகம் வெளிவந்தது 2018இல். ஹர்ஸ்டன் 1960இலேயே இறந்துவிட்டார். கொள்கைக்காக அவர் கொடுத்த விலை அதிகம்தான். நானாக இருந்தால் மாற்றிக்கொடுத்திருப்பேனோ என்னவோ.

பேச்சைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சஸ் எல்லையில் ஒரு கதைப்பாட்டே இருக்கிறது. 1901இல் ஒரு ஷெரிஃப், மொழிபெயர்ப்பாளரோடு வந்து கிரகோரியோ கோர்ட்டெஸ் என்ற விவசாயியிடம் குதிரை ஏதும் மாற்றிக்கொண்டாயா என்று கேட்டார். கேள்வியில் இருந்த ஸ்பானியச் சொல் ஆண் குதிரையைக் குறிக்கும். அவர் மாற்றியது பெண் குதிரை, அதற்கு வேறு சொல். எனவே இல்லை என்றார். பொய் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு கைது செய்யப் போக, துப்பாக்கி வெடித்தது, ஷெரிஃப் செத்தார். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு கோர்ட்டெஸ் ஒரு கொலைகாரன். பாட்டுப் பாடியவர்களுக்கு வீரன். 1958இல் அந்தப் பாட்டையும் ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புத்தகம் எழுதியவர் அமெரிக்கோ பரேடஸ், அந்த எல்லைப் பகுதியில் அப்படிப்பட்ட பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த பேராசிரியர்.

சரி, செய்ய முடியாத யோசனை சொல்வது. இதற்கு நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, அலபாமாவின் டஸ்கிகீ என்ற கறுப்பினக் கல்வி நிறுவனத்தில் வேலை செய்த வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரைப் பார்த்தால் போதும். பருத்தி போட்டுப் போட்டுச் சத்துப்போன அலபாமா மண், கடனில் மூழ்கிய வாரக் குடியானவர்கள். உரம் வாங்கிப் போடு என்று அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. சதுப்பு நிலத்துச் சேற்றையும் காட்டுச் சருகையும் மக்கவைத்துப் போடச் சொன்னார். தட்டைப்பயறும் வேர்க்கடலையும் மாற்றிப் பயிரிடச் சொன்னார். விளைந்ததை என்ன செய்வது என்று கேட்பார்கள் அல்லவா? 1916இல் வேர்க்கடலையைச் சமைக்க 105 வழிகளோடு ஒரு சிறு வெளியீடு. டஸ்கிகீக்கு வர முடியாதவர்களுக்காக 1906இல் குதிரை வண்டியில் கருவிகளை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். இன்று அவரைப் பீனட் பட்டர் கண்டுபிடித்தவர் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர் அதைக் கண்டுபிடிக்கவும் இல்லை.

அதே டஸ்கிகீ வட்டாரத்தில்தான் எளிய பேச்சின் மறுபக்கமும் நடந்தது. 1932இலிருந்து 1972 வரை அரசு சுகாதாரத் துறை அங்கே 600 கறுப்பின ஆண்களை வைத்து ஆய்வு செய்தது. 399 பேருக்கு சிஃபிலிஸ் நோய். அவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்கள் பலவித உடல் உபாதைக்கும் சொல்கிற ‘கெட்ட ரத்தம்’ என்ற சொல்லையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. ஜனங்களின் சொல்லில் பேசினாலே போதும், நம்பிக்கை வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அதனால்தான் கொரோனா சமயத்தில் கறுப்பினத்தவர் தடுப்பூசிக்குத் தயங்கினால் அறியாமை என்று எழுதியது பெரிய தவறு. எல்லாவற்றுக்கும் 1932ஐயே காரணம் காட்டியதும் பாதித் தவறு. பலருக்கு பிரச்சினை அன்றன்றைக்கு நடப்பது. பிலடெல்பியாவில் குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆலா ஸ்டான்ஃபோர்ட் 2020 ஏப்ரலில் பார்த்தது அதைத்தான். காரில் வந்தால்தான் பரிசோதனை, மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் பரிசோதனை என்றால் கார் இல்லாதவர் என்ன செய்வார்? அவர் ஒரு வேனை எடுத்துக்கொண்டு தேவாலயங்களின் வாகன நிறுத்தத்தில் போய் நின்றார். வரிசை வந்தது. மாடர்னா தடுப்பூசிக்கான ஆய்வில் முக்கியப் பங்கு வகித்த கிஸ்மெகியா கார்பெட்டும் அந்த நாட்களில் தேவாலயக் கூட்டங்களில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அறிவுரைக் கட்டுரை எழுதுவதைவிட அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும்.

நேரம் என்றதும், கூப்பிடுகிறவர்கள் செய்கிற தவறையும் சொல்லிவிடுகிறேன். 1994இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் அமாடோ படில்லா இதற்குப் பண்பாட்டு வரி என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார்: சிறுபான்மைப் பேராசிரியர் என்பதாலேயே குழுக்களுக்கும் கூட்டங்களுக்கும் அறிமுக உரைக்கும் கூப்பிடுவார்கள், பதவி உயர்வு வரும்போது அதெல்லாம் கணக்கில் வராது. கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் சாதாரண வாசகர்களைக் கேட்டுப்பார்த்து, அடிக்குறிப்பைக் கண்டால் இது காலேஜ்காரர்களுக்கான புத்தகம் என்று வைத்துவிடுகிறார்கள் என்று தெரிந்து அடிக்குறிப்பையே விட்டார். அதற்காகவே கல்வியாளர்கள் சிலர் அவரை இளக்காரமாகப் பார்த்தார்கள். 2017இல் கிறிஸ்டன் ஸ்மித் என்ற மானுடவியலாளர், தன் எழுத்தைப் பெயர் சொல்லாமல் இன்னொருவர் மேடையில் பயன்படுத்தியதைப் பார்த்தபின், கறுப்பினப் பெண்களின் பெயரைக் குறிப்பிடுங்கள் என்று டி-ஷர்ட்டில் அச்சிட்டு இயக்கமாக்கினார்.

வுட்சன் தன் வாரத்தை, வருடம் முழுக்கப் படித்ததை எடுத்துக் காட்டுகிற நாட்களாகத்தான் நினைத்தார். இப்போது அது பிப்ரவரி மாதமாக நீண்டிருக்கிறது, அழைப்புகளும் அந்த 28 நாளில் குவிகின்றன. யாரையாவது பேசக் கூப்பிடுவதாக இருந்தால் ஆகஸ்ட்டில் கூப்பிடுங்கள். பயணச் செலவையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.