ஹாஸ்டல் அறையில் சின்னம்மை: தனித்திருக்கும் வழிமுறை

சென்னையில் வெயில் ஏறத் தொடங்கினாலே ஹாஸ்டல்களிலும் பிஜிகளிலும் சின்னம்மை தலைகாட்டும். மூன்று பேர் படுக்கும் அறை, தளத்துக்கு ஒரு பாத்ரூம் வரிசை, கீழே பொது மெஸ் என்று இருக்கிற இடத்தில் மற்றவர்களுக்குப் பரப்பாமல் எப்படி இருப்பது என்பதை இங்கே எழுதியிருக்கிறேன். குழந்தைகளைவிடக் கல்லூரி வயதினருக்கு இது கடுமையாக வரும், நுரையீரலில் இறங்கும் ஆபத்தும் அதிகம். "ஒரு வாரம் படுத்தா சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள்.

1. முதல் நாளே டாக்டர்

காய்ச்சலும் உடம்புவலியும் முதலில் வரும். பிறகு மார்பு, முதுகு, முகத்தில் சிவப்புப் புள்ளிகள் வந்து, சில மணி நேரத்தில் நீர் கோத்த கொப்புளங்களாகும். புள்ளி, கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் உடம்பில் கலந்து தெரிந்தால் பெரும்பாலும் சின்னம்மைதான்.

அசைக்ளோவிர் மாத்திரை முதல் புள்ளி தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். அதனால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதற்கு இடமில்லை. பெரியவர்களுக்கு டாக்டர் வழக்கமாக எழுதுவது 800 மி.கி., ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று போனில் அலாரம் வையுங்கள். தண்ணீர் குறைந்தால் இந்த மாத்திரை சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும் என்பதால், நாளுக்கு மூன்று லிட்டராவது குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பது போன்றவை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிளினிக்குக்குப் போகும் முன் போன் செய்து, அம்மை என்று சொல்லி, தனியாகப் பார்க்கிற நேரம் கேளுங்கள். காத்திருப்பு அறையில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இருப்பார்கள். அரசின் இ-சஞ்சீவனியில் வீடியோ மூலம் இலவசமாகவும் காட்டலாம். போக வேண்டியிருந்தால் என்-95 முகக்கவசம் போட்டு ஆட்டோவில் போங்கள், ஏசி டாக்ஸி வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஹாஸ்டலில் யாராவது ஒரு காம்பிஃப்ளாம் நீட்டுவார்கள். அதில் இபுபுரோஃபன் இருக்கிறது, அம்மையின்போது அது கூடாது. ஆஸ்பிரினும் கூடாது.

"அம்மைக்கு மருந்து சாப்பிடக் கூடாது" என்று ஊரிலிருந்து போன் வரும். பாட்டி மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளட்டும், நீங்கள் மாத்திரையும் போடுங்கள். ஒன்றுக்கொன்று தடையில்லை என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலான பாட்டிகள் ஒத்துக்கொள்வார்கள்.

2. ஊருக்கு பஸ் ஏறாதீர்கள்

கிளாம்பாக்கத்திலிருந்து ஏழெட்டு மணி நேரம் மூடிய ஏசி பஸ்ஸில் போனால் கூட வருகிற அத்தனை பேருக்கும் ஆபத்து. தொற்றுநோய் உள்ளவரை ஏற்ற மறுக்க ரயில்வே சட்டத்திலேயே இடம் இருக்கிறது (1989 சட்டம், பிரிவு 56). ஏற்கெனவே அம்மை வந்த அப்பாவோ மாமாவோ சொந்தக் காரில் வந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக் கூட்டிப்போனால் சரி.

3. அறையும் காற்றும்

எல்லாரும் தட்டைக் கழுவுவதிலும் கதவுப்பிடியைத் துடைப்பதிலும் நிற்கிறார்கள். சின்னம்மை காற்றில் பரவுகிற நோய். உங்கள் அறைக் காற்று வராந்தாவுக்குப் போனால் மற்ற எல்லா முயற்சியும் வீண். இந்தப் படிக்கு ஒரு மணி நேரம் செலவழியுங்கள்.

அறை கேட்கும்போது வார்டனிடம் "தனி அறை" என்று மட்டும் சொல்லாமல், வெளிச்சுவரில் ஜன்னல் உள்ள, வராந்தாவின் கடைசி அறை என்று கேளுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். பழைய மேன்ஷன்களில் ஜன்னல் வராந்தாவைப் பார்த்திருக்கும், அல்லது எல்லா மாடி பாத்ரூம்களும் திறக்கிற டக்ட்டைப் பார்த்திருக்கும். இரண்டுமே உதவாது. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை காற்றோட்டமாக இருந்தாலும் ஏப்ரல், மே மாதத்தில் வேண்டாம். வியர்வையில் அரிப்பு தாங்காது.

பிறகு ஒரு டேபிள் ஃபேன். ஜன்னல் மேடையில் வெளியே பார்த்தபடி வையுங்கள், உங்களைப் பார்த்தபடி அல்ல. ஃபேனைச் சுற்றி மிச்சமிருக்கும் திறப்பை அட்டைப்பெட்டி வெட்டி அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெளியே தள்ளிய காற்று பக்கத்து இடைவெளி வழியாகவே திரும்பி வரும். அறைக்கதவு மூடியிருக்க வேண்டும். கதவுக்குக் கீழே உள்ள இடுக்கை முழுவதும் அடைக்காதீர்கள், வராந்தாக் காற்று உள்ளே வர அந்த வழி வேண்டும்.

இது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். கொளுத்தி, கதவின் அடி இடுக்குக்கு அருகே அறைக்குள் பிடியுங்கள். புகை ஜன்னலை நோக்கி வந்தால் சரி. கதவுக்கு வெளியே இழுக்கப்பட்டால் எங்கோ தவறு, பெரும்பாலும் சீலிங் ஃபேன்தான். முழு வேகத்தில் ஓடினால் அது காற்றை இடுக்கு வழியே வெளியே தள்ளும். இரண்டில் வைத்து மறுபடி ஊதுபத்தி பிடித்துப் பாருங்கள். மாலையில் கடல்காற்று திரும்பியதும் ஒருமுறை சோதியுங்கள். ஜன்னல் கிழக்கு பார்த்திருந்தால் காற்று உள்ளே அடித்து, எல்லாம் தலைகீழாகும். அந்த நேரத்தில் மட்டும் இடுக்கில் ஈரத்துண்டு போடுங்கள்.

ஸ்பிலிட் ஏசி உள்ள காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும், புதுக்காற்று வராது. ஜன்னலை மூடி ஏசி போட்டுக்கொண்டு ரூம்மேட்டையும் உடன் வைத்திருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு.

கதவில் நோட்டீஸ் ஒட்டுவதைவிட ஒரு கொத்து வேப்பிலை கட்டுங்கள். சென்னையில் அதைப் பார்த்து யாரும் தவறிக் கதவைத் தட்ட மாட்டார்கள். தமிழ் தெரியாத மாணவர்கள் தங்கும் ஹாஸ்டல் என்றால் நோட்டீஸும் சேர்த்து.

4. சாப்பாடு கொண்டுவருவது யார்?

ஏற்கெனவே சின்னம்மை வந்தவர், அல்லது இரண்டு தவணை தடுப்பூசி போட்டவர் மட்டும். கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். டப்பாவை வைத்துவிட்டு அவர் நகர்ந்த பிறகு, முகக்கவசத்தோடு கதவைத் திறந்து எடுங்கள். வாயில் புண் இருக்கும்போது மெஸ் காரக்குழம்பு இறங்காது. மோர்சாதம், கஞ்சி, இளநீர், நுங்கு கேளுங்கள்.

*பின்சேர்க்கை:* "எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கு" என்று வந்தவர்களுக்கும் தொற்றியதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். தட்டம்மை, மணல்வாரி, அம்மைக்கட்டு எல்லாவற்றையும் வீட்டில் அம்மை என்றே சொல்வதுதான் காரணம். தட்டம்மை வந்திருந்தால் சின்னம்மையிலிருந்து பாதுகாப்பு கிடைக்காது. அவர் தன் அம்மாவிடம் "நீர்க்கொப்புளம் வந்து பொருக்கு விழுந்ததா?" என்று கேட்கட்டும்.

5. பொதுப் பாத்ரூம்

எல்லாரும் வகுப்புக்குப் போன பிறகு, பத்தரை மணி வாக்கில் குளியுங்கள். முகக்கவசத்தோடு போய், குளிக்கும்போது மட்டும் கழற்றி, மறுபடி போட்டுத் திரும்புங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். வாளி, மக், சோப்பு, துண்டு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

மூன்றாம் தண்ணீர், ஐந்தாம் தண்ணீர் வரை குளிக்காமல் இருப்பதுதான் கொப்புளங்களில் சீழ் பிடிக்க வழி. தினமும் சாதாரணத் தண்ணீரில் குளித்து, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். தண்ணீரில் டெட்டால் ஊற்ற வேண்டாம். வேப்பிலையைப் படுக்கையில் போடலாம், ஆனால் அரைத்த மஞ்சள்-வேப்பிலை விழுதை உடைந்த கொப்புளத்தின்மேல் பூசாதீர்கள். அரிப்புக்குக் காலமின் லோஷன். மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு கூடவே கூடாது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

6. ரூம்மேட்

புள்ளி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே நீங்கள் பரப்பிக்கொண்டிருந்தீர்கள். எனவே உங்கள் ரூம்மேட்டை வேறு மூன்று பேர் அறைக்கு மாற்றிவிட்டால் முடிந்தது என்று வார்டன் நினைக்கக் கூடாது. இதுவரை அம்மை வராதவர், உங்களோடு பழகியதிலிருந்து 3 நாளுக்குள், அதிகபட்சம் 5 நாளுக்குள் தடுப்பூசி போட்டால் நோய் வராமலிருக்கவோ லேசாகக் கழியவோ வாய்ப்புண்டு. இந்தத் தடுப்பூசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை, தனியார் மருத்துவமனையில்தான் கேட்க வேண்டும். நோய் வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும். 8-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரை அவர் அம்மை வராதவர்களிடமிருந்து விலகியிருப்பது நல்லது. துப்புரவு செய்யும் அக்காவிடமும் மெஸ் ஊழியர்களிடமும் சொல்லிவிடுங்கள். அவர்களில் கர்ப்பிணி இருந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

7. உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, விடாத இருமல், ஆக்ஸிமீட்டரில் 94-க்குக் கீழ், குழப்பமான பேச்சு, நடை தள்ளாட்டம், கழுத்து விறைப்பு, இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறுவது, கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து சூடாவது. இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழைத்து, முதல் வாக்கியத்திலேயே அம்மை என்று சொல்லுங்கள். தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. மூச்சுத்திணறல் என்றால் அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கே போங்கள். இரவில் தனியாக இருப்பதால், பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் ஒரு நண்பர் போன் செய்து பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

8. வெளியே வருவது எப்போது?

மூன்று தண்ணீர் ஊற்றியாயிற்று என்பதோ காய்ச்சல் விட்டது என்பதோ கணக்கில்லை. ஒவ்வொரு கொப்புளமும் காய்ந்து பொருக்காகியிருக்க வேண்டும், 24 மணி நேரமாகப் புதுப் புள்ளி வந்திருக்கக் கூடாது. வழக்கமாக 5 முதல் 7 நாள், சிலருக்குப் பத்து நாள்கூட ஆகும். முகத்தையும் கையையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதுகு, தலைமுடிக்குள், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களைத் தினமும் ஒரே வெளிச்சத்தில் போனில் படமெடுத்து ஒப்பிடுங்கள். கடைசிக் கொப்புளம் பெரும்பாலும் தலைமுடிக்குள் ஒளிந்திருக்கும். பொருக்கு உதிரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, காய்ந்தால் போதும்.

படுக்கை விரிப்பை இஸ்திரிக்காரரிடமோ லாண்டரியிலோ போடாமல் சோப்புத்தூளில் நீங்களே ஊறவைத்துத் துவைத்து, மொட்டை மாடி வெயிலில் காயப்போடுங்கள். அறை ஜன்னல் அன்று முழுவதும் திறந்திருக்கட்டும். டாக்டர் சான்றிதழில் முதல் புள்ளி வந்த தேதியும் பொருக்குக் காய்ந்த தேதியும் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வருகைப்பதிவுக்குக் கல்லூரி அலுவலகம் அந்த இரண்டு தேதிகளைத்தான் கேட்கும்.