முதலாண்டை மூன்றால் பெருக்காதீர்கள்: ஆய்வு நல்கைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்றாண்டு ஆய்வுக்கு நல்கை, அதாவது நிதியுதவி, கேட்டு விண்ணப்பிப்போர் பலர், முதலாண்டுச் செலவை மட்டும் நுணுக்கமாகக் கணக்கிட்டு, அந்தத் தொகையை மூன்றால் பெருக்கி வரவுசெலவுத் திட்டத்தை முடித்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இளம் ஆய்வாளர்களின் விண்ணப்பங்களை வாசித்துக் கருத்துச் சொல்லும்போது நான் அடிக்கடி காண்பது இந்தத் தவறைத்தான். மற்ற பல தவறுகளும் இதிலிருந்தே பிறக்கின்றன.

சம்பளத்தில் இதன் விளைவு உடனே தெரியும். பேச்சுப் பதிவுகளை எழுத்தாக்கும் ஓர் உதவியாளருக்கு ஆண்டுக்கு 3,00,000 ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் மூன்றாண்டுக்கு 9,00,000. ஆண்டுதோறும் 6 விழுக்காடு உயர்வு தர வேண்டியிருந்தால், இரண்டாம் ஆண்டில் 3,18,000, மூன்றாம் ஆண்டில் 3,37,080 ஆக, மொத்தம் 9,55,080 தேவைப்படும். துண்டு விழும் 55,080 ராண்ட், மூன்றாம் ஆண்டின் கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளம். அதாவது அந்த உதவியாளர் வேலையை முடிப்பதற்கு முன்பே வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். உயர்வு விகிதத்தை நாமே ஊகிக்காமல், பல்கலைக்கழக நிதி அலுவலகம் எந்த விகிதத்தைப் பயன்படுத்துகிறது, நிதி வழங்கும் நிறுவனம் எந்த விகிதம் வரை ஏற்கிறது என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டே எழுத வேண்டும்.

இதைவிட மறைவான சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. தென்னாப்பிரிக்க அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பல்கலைக்கழகங்களின் கணக்காண்டோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. நம் களப்பணி இவ்விரண்டுக்கும் கட்டுப்படாமல் தன் போக்கில் வருகிறது. டர்பனை ஒட்டிய இசிபிங்கோவின் மாரியம்மன் கோயிலில் ஈஸ்டரை ஒட்டி நடக்கும் திருவிழாவையும், அங்கே பாடப்படும் தமிழ்ப் பாடல்களையும் பதிவு செய்யும் ஒரு திட்டம், தேவையான அனுமதிகளெல்லாம் முன்பே கிடைத்து, 2026 ஏப்ரல் 1 அன்று தொடங்குவதாகக் கொள்வோம். ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தைய பெரிய வெள்ளி 2026இல் ஏப்ரல் 3, 2027இல் மார்ச் 26, 2028இல் ஏப்ரல் 14, 2029இல் மார்ச் 30 ஆகிய நாட்களில் வருகிறது. ஆகவே அரசின் நிதியாண்டுப்படி முதலாண்டில் இரண்டு திருவிழாக்கள், இரண்டாம் ஆண்டில் ஒன்றுகூட இல்லை, மூன்றாம் ஆண்டில் மறுபடியும் இரண்டு. களப்பணிச் செலவை மூன்றாகச் சமமாகப் பிரித்து எழுதியவருக்கு முதலாண்டில் வண்டி வாடகைக்குக்கூடப் பணம் போதாது. இரண்டாம் ஆண்டில் செலவழிக்க வழியில்லாமல் பணம் தேங்கும்.

தேங்கிய பணம் தானாகவே அடுத்த ஆண்டுக்கு வந்துவிடும் என்று நம்புவது அடுத்த தவறு. பல நிறுவனங்களில் ஒரு தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவும், ஒரு செலவினத் தலைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெற வேண்டும். குறித்த நாளுக்குள் கேட்கத் தவறினால் பணத்தைத் திருப்பித் தர நேரிடலாம். இந்த விதிகளை நிறுவனத்தின் பொதுக் கையேட்டில் மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. குறிப்பிட்ட அந்த நல்கைக்கான அறிவிப்பிலும் ஒப்பந்தத்திலும் வேறு வரம்புகள் இருக்கலாம்; கையெழுத்திட்ட ஒப்பந்தமே நம்மைக் கட்டுப்படுத்தும்.

முதலாண்டை முழுப் பன்னிரண்டு மாதமாகக் கணக்கிடுவதும் நடைமுறைக்கு ஒவ்வாது. ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆய்வு நெறிக் குழுவின் அனுமதி கிடைத்து, ஆள் தேர்வு முடிந்து, கணக்கு எண் திறக்கப்பட்ட பிறகுதான் முதல் பதிவு தொடங்கும்; அதற்குள் நான்கைந்து மாதங்கள் ஓடிவிடும். நான் அருகிலிருந்து பார்த்த ஒரு திட்டத்தில் இப்படித் தாமதமானபோது, பதிவு செய்ய ஒப்புக்கொண்டிருந்த முதியவர்களில் இருவர் காலமாகிவிட்டார்கள். கரும்புத் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் பேசிய தமிழைப் பாட்டன் வாயிலிருந்து நேரே கேட்டு வளர்ந்த தலைமுறை அது. ஆகையால் அனுமதிக்கான மாதங்களைத் திட்டத்தில் வெளிப்படையாகக் காட்டி, முதலாண்டுச் சம்பளத்தை எட்டு மாதத்துக்கு மட்டும் கேட்டு, மிச்சத்தைப் பின்னாண்டுகளில் வைப்பதே நேர்மையான கணக்கு என்பது என் உறுதியான கருத்து.

மறைமுகச் செலவு, அதாவது பல்கலைக்கழகம் கட்டடத்துக்கும் மின்சாரத்துக்கும் நிர்வாகத்துக்கும் எடுத்துக்கொள்ளும் பங்கு, எதன்மீது கணக்கிடப்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தென்னாப்பிரிக்க நிறுவனங்களும் நிதி பெற்றுப் பங்கேற்கக்கூடிய ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் திட்டத்தில், உண்மைச் செலவு அடிப்படையிலான நல்கைகளுக்கு இந்த விகிதம் நேரடிச் செலவில் 25 விழுக்காடு. நேரடிச் செலவு 10,00,000 ராண்டுக்குச் சமமானால் மறைமுகச் செலவு 2,50,000, மொத்தம் 12,50,000. இந்த மொத்தத் தொகையிலிருந்து 25 விழுக்காட்டை எடுத்தால் 3,12,500 என்று தவறான எண் வரும். துணை ஒப்பந்தத்துக்கு, அதாவது வேலையின் ஒரு பகுதியை வெளியாரிடம் ஒப்படைப்பதற்கு, கொடுக்கும் தொகைக்கு இந்த 25 விழுக்காடு கிடையாது. எனவே அந்தப் பத்து லட்சத்தில் இரண்டு லட்சம் துணை ஒப்பந்தமாக இருந்தால், கேட்கக்கூடிய மறைமுகச் செலவு இரண்டு லட்சமே. வேறு நிறுவனங்கள் வேறு அடிப்படையைக் கொள்ளலாம் என்பதால், விகிதத்தைப் படிக்கும்போதே அது எதன் விகிதம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நாணய மாற்று விகிதமும் வரியும் நம் கையில் இல்லை. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 14 ராண்டாக இருந்த டாலர், ஏப்ரல் தொடக்கத்தில் 19 ராண்டைத் தாண்டியது. 2,000 டாலர் மென்பொருள் உரிமத்துக்கு 28,000 ராண்ட் ஒதுக்கியவருக்குச் சில மாதங்களில் 38,000 தேவைப்பட்டது. டாலரில் வாங்க வேண்டியவற்றை, விதி அனுமதித்தால், முதலாண்டிலேயே வாங்கிவிடுவது நல்லது. மதிப்புக்கூட்டு வரி 2018 ஏப்ரல் 1 முதல் 15 விழுக்காடாக இருக்கிறது. விலைப்புள்ளியில் அந்த வரி சேர்ந்திருக்கிறதா, பல்கலைக்கழகம் அதைத் திரும்பப் பெற முடியுமா, நல்கை அதை ஏற்குமா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

மாணவர் உதவித்தொகையைச் சம்பளமாகப் பயன்படுத்துவதும் கூடாது. படிப்புக்காகத் தரப்படும் உண்மையான உதவித்தொகைக்குத் தென்னாப்பிரிக்காவில் வருமான வரி விலக்கு உண்டு. அதே பணத்துக்கு ஈடாக மாணவரை எழுத்தாக்க வேலை செய்யச் சொன்னால் அது ஊதியமாகிவிடும், வரியும் வரும். மேலும், திட்டம் தொடங்கிப் பத்து மாதம் கழித்துச் சேரும் முனைவர் பட்ட மாணவருக்கு மூன்றாண்டு உதவித்தொகை வாக்களித்தால், கடைசிப் பத்து மாதங்களுக்கு அந்த நல்கையில் பணமே இருக்காது. அந்த மாணவரின் வாழ்க்கையோடு தொடர்புடைய கணக்கு என்பதால் இதில் மிகுந்த கவனம் வேண்டும்.

கடைசி ஆண்டில் களப்பணி குறையும், செலவும் குறையும் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் பதிவுகளை ஆவணக் காப்பகத்தில் நீண்டகாலம் சேமிப்பது, பேசியவர்களின் தனிப்பட்ட விவரங்களை 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏற்ப நீக்குவது, கேட்கப்பட்டால் தணிக்கைச் சான்று பெறுவது ஆகியவை அந்த ஆண்டில்தான் வந்து குவியும். நல்கை முடிந்த நாளுக்குப் பிறகு ஏற்படும் செலவைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். மேலே சொன்ன திட்டத்தின் நான்காவது திருவிழாவில் பெரிய வெள்ளி 2029 மார்ச் 30 அன்று வருகிறது. மறுநாள் சனிக்கிழமை நல்கை முடிகிறது. ஈஸ்டர் ஞாயிறு ஏப்ரல் 1. ஞாயிற்றுக்கிழமைப் பதிவுக்கான ஒலிப்பதிவாளர் கூலியை யார் தருவது என்ற கேள்விக்கு விண்ணப்பம் எழுதும்போதே விடை இருக்க வேண்டும்: ஒன்று, தொடக்கத்திலேயே முடிவு நாளை ஒரு மாதம் தள்ளிக் கேட்க வேண்டும், அல்லது அந்த ஒரு நாளின் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும்.